“யார்?”, என்று கேட்டான்?. இதில் எந்தக் குறி நிற்கும், எது போகும்?

குடியாத்தம் டிடிபி:
வணக்கம். குடியாத்தத்தில் ஓர் அச்சகத்தில் டைப்செட்டிங் பார்க்கிறேன். பள்ளி ஆண்டு மலர் ஒன்று வந்திருக்கிறது. 1806 வேலூர் சிப்பாய்ப் புரட்சியை எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் நாடகமாக எழுதியிருக்கிறார்கள். அதில் ஒரு வரி:

“புதுத் தலைப்பாகை வைக்கச் சொல்ல நீங்கள் யார்?”, என்று சிப்பாய் கேட்டான்?.

நான் ஒன்றும் சேர்க்கவில்லை, கையெழுத்துப் பிரதியிலேயே அப்படித்தான். முதலாளி, “இங்கிலீஷில் எல்லாக் குறியும் மேற்கோளுக்குள்ளேதான், அப்படியே தள்ளு” என்கிறார். ஆசிரியையோ வாக்கியம் முடிந்தால் புள்ளி வைத்தே ஆகவேண்டும் என்கிறார். நாளை மறுநாள் அச்சுக்குப் பிளேட் போட வேண்டும். யார் பேச்சைக் கேட்பது?

காட்பாடி பிழைதிருத்துநர்:
கேட்கிற வாய் யாருடையது என்று பாருங்கள், பாதி தீர்ந்துவிடும். கேட்பவன் சிப்பாய், அதனால் கேள்விக்குறி அவன் பேச்சோடு மேற்கோளுக்குள் இருக்கட்டும். ‘கேட்டான்’ என்று சொல்கிறவர் எதையும் கேட்கவில்லை, நடந்ததைச் சொல்கிறார். அவருக்குப் புள்ளி போதும். கமாவும் வேண்டாம், பேச்சையும் வாக்கியத்தையும் சேர்க்கத்தான் ‘என்று’ இருக்கிறதே.

“புதுத் தலைப்பாகை வைக்கச் சொல்ல நீங்கள் யார்?” என்று சிப்பாய் கேட்டான்.

இதையே திருப்பிப் பாருங்கள்: “கதவைத் திற” என்று சொன்னது யார்? இங்கே உள்ளே இருப்பது கட்டளை, கேள்வி வெளியே. “கதவைத் திறக்கட்டுமா?” என்று கேட்டாயா? இதில் இரண்டு பேரும் கேட்கிறார்கள், இரண்டு குறி. ஆனால் எந்த இடத்திலும் கேள்விக்குறியை ஒட்டிப் புள்ளி வராது. அதன் அடியிலேயே ஒரு புள்ளி இருக்கிறது!

உங்கள் முதலாளி சொல்வது அமெரிக்க வழக்கம். அதுவும் கமா, முற்றுப்புள்ளி இரண்டுக்கும்தான். கேள்விக்குறியை அவர்களும் பொருள் பார்த்துத்தான் உள்ளேயோ வெளியேயோ வைக்கிறார்கள்.

வாலாஜா தமிழாசிரியர் (ஓய்வு):
தம்பி, பிள்ளைகள் ஏன் கடைசியில் குறி போட்டார்கள் தெரியுமா? வரியில் ‘யார்’ வந்துவிட்டது, ‘கேட்டான்’ வந்துவிட்டது, கை தானாகப் போட்டுவிடும். 32 வருடம் திருத்தியிருக்கிறேன். ‘அன்று அதிகாலை என்ன நடந்தது என்பதை இந்த நாடகம் சொல்கிறது.’ இதில் ‘என்ன’ இருந்தாலும் கேள்வி இல்லை. ‘கோட்டைக்குள் கோயில் இருக்கிறதா என்று விசாரித்தான்.’ இதிலும் இல்லை. ‘என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியுமா?’ இது கேள்வி. கடைசி வினைமுற்றைப் பாருங்கள், அது கேட்கிறதா, சொல்கிறதா என்று.

ஓலைச்சுவடியில் இந்தக் குறியெல்லாம் ஏது? எ, யா, ஆ, ஓ, ஏ என்ற ஐந்து வினா எழுத்துகளே வேலையை முடித்துவிடும். குறி அச்சோடு வந்த விருந்தாளி.

ஆம்பூர் பிளெக்ஸ்:
ஐயா சொன்னது சரிதான், ஆனா பேச்சுத் தமிழில் அந்த விருந்தாளி இல்லாவிட்டால் கதை கந்தல். ‘சாப்பிட்டாச்சு’ என்றால் தகவல், ‘சாப்பிட்டாச்சு?’ என்றால் விசாரிப்பு. வினா எழுத்தே கிடையாது, குறி ஒன்றுதான் ஆதாரம்.

இன்னொன்று, கேள்விக்குறிக்கு முன்னால் இடைவெளி விடாதீர்கள். பிரியாணிக் கடை பேனர் ஒன்றில் ‘பசிக்கிறதா’ என்று ஸ்பேஸ் தட்டிவிட்டுக் குறி போட்டேன். பத்தடி அகலத்தில் பசி மேல் வரியில், கொக்கி மட்டும் தனியாக அடுத்த வரித் தொடக்கத்தில். இரண்டாவது முறை என் காசில் அடித்துக் கொடுத்தேன்.

குடியாத்தம் டிடிபி:
நன்றி, நாடகம் முழுக்கத் திருத்திவிட்டேன். மூன்று இடம் பாக்கி. ‘நீயா?!’ என்று இரட்டைக் குறி. அடைப்புக்குள் ‘(திப்புவின் பிள்ளைகளும் அங்கேதானே இருந்தார்கள்?)’ என்று ஒன்று. அப்புறம் ஒரு சிப்பாய் சொல்கிறான்: ‘துரை வந்தானா சொல்லு’. இதில் குறி எங்கே?

வாலாஜா தமிழாசிரியர் (ஓய்வு):
இரட்டைக் குறியை எடுத்துவிடுங்கள். ஒன்று கேள், இல்லை வியந்து போ.

காட்பாடி பிழைதிருத்துநர்:
ஐயா கோபிக்கக் கூடாது, நாடகப் பேச்சில் நான் விட்டுவிடுவேன். மேடையில் பிள்ளை எப்படிக் கத்த வேண்டும் என்று அது சொல்கிறது. கட்டுரையில் வந்தால் வெட்டுவேன். அடைப்புக்குள் இருப்பது உள்ளே உள்ளவரின் கேள்வி, அங்கேயே இருக்கட்டும். வெளி வாக்கியம் அடைப்புக்குப் பிறகு தன் புள்ளியோடு முடியும். நாடகத் தலைப்பே ‘முதலில் எழுந்தது யார்?’ என்று இருந்தால், அதன்மேல் ‘இல்’ ஒட்டப் பார்க்காதீர்கள். ‘என்ற நாடகத்தில்’ என்று பிரித்து எழுதுங்கள்.

கடைசி வரிதான் வில்லங்கம். ‘துரை வந்தானா? சொல்லு’ என்றால் வந்துவிட்டானா என்று இப்போதே தகவல் கேட்கிறான். ‘துரை வந்தானா, சொல்லு’ என்றால் நம் பக்கத்துப் பேச்சில் ‘வந்தால் எனக்குச் சொல்’ என்று காவல் வைக்கிறான். நாம் முடிவு செய்ய முடியாது, எழுதின பிள்ளையைக் கேளுங்கள்.

குடியாத்தம் டிடிபி:
ஆசிரியைக்குப் போன் போட்டேன், அந்தப் பையனிடமே கொடுத்தார். “அண்ணா, அவன் மதில் மேல நின்னு ஆற்காடு ரோட்டைப் பார்த்துக்கிட்டு இருக்கான், குதிரைப்படை இன்னும் வரல” என்றான். அப்படியானால் காவல்தான், கமா போட்டுவிட்டேன். பாமினி எழுத்துருவில் கமா விசையைத் தட்டினால் ‘இ’ விழுகிறது, அதையும் திருத்தி பிளேட்டுக்கு அனுப்பியாயிற்று.