கலைச்சொல் வேண்டும்: ஸ்டேட்டிவ் வெர்ப்

அனைவருக்கும் வணக்கம்.

‘ஐ ஆம் ஹேவிங் எ ஹவுஸ் இன் அடையாறு’, ‘ஐ ஆம் நாட் நோயிங் ஹிஸ் நம்பர்’. சென்னையில் நேர்காணலிலும் அலுவலக மின்னஞ்சலிலும் ஓயாமல் வரும் பிழைகள் இவை. ‘ஐ ஹேவ்’, ‘ஐ டோன்ட் நோ’ என்பவையே சரி. நோ, வான்ட், பிலாங், கன்டெய்ன் போன்ற வினைகள் நடக்கும் செயலைச் சொல்வதில்லை, ஒரு நிலையைச் சொல்கின்றன. அதனால் ‘இங்’ ஏற்பதில்லை. இவற்றைத் தமிழில் ‘நிலைவினை’ எனலாமா, ‘தொடராவினை’ எனலாமா?

மறுமொழி:

ஐயா, இரண்டிலும் சிக்கல் உண்டு. ‘நிலைவினை’ என்றதும் பள்ளியில் படித்த தெரிநிலை வினைதான் நினைவுக்கு வரும். அது காலத்தை வெளிப்படையாகக் காட்டும் வினை. இதற்குத் தொடர்பே இல்லாதது. ‘தொடராவினை’யோ பொருளையே புரட்டிவிடுகிறது. வீடு இருப்பதும் ஒருவரைத் தெரிந்திருப்பதும் நீடித்து நிற்பவை அல்லவா? வராதது ‘இங்’ வடிவம் மட்டுமே.

குறிப்பு வினையையும் இதற்கு இழுக்க வேண்டாம். நன்னூல் சொல்லும் குறிப்பு வினை, காலத்தைக் குறிப்பாகவே உணர்த்தும். ‘நோ’வுக்கு ‘நியூ’ என்று இறந்தகால வடிவம் வெளிப்படையாகவே இருக்கிறது.

மறுமொழி:

அம்மா சொல்வது சரி. பெயர் வைக்கும் முன் பிழை எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். ‘வீடு வைத்திருக்கிறேன்’ என்பதில் வரும் ‘இருக்கிறேன்’ஐ ‘ஆம்’ என்றும், ‘வைத்து’வை ‘ஹேவிங்’ என்றும் மாணவர் பிரித்துக்கொள்கிறார். போதாக்குறைக்கு ‘கிறேன் வந்தால் இங் போடு’ என்று சொல்லித்தரும் வகுப்புகளும் உண்டு. ‘கிறேன்’ ஆங்கிலத்தின் இரண்டு நிகழ்கால வடிவங்களுக்கும் பொதுவானது என்பதை அங்கே யாரும் சொல்வதில்லை.

‘கொண்டிரு’ சேர்த்துப் பார்ப்பது ஓரளவு உதவும். ‘சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்’ சரி, ‘எனக்குத் தெரிந்துகொண்டிருக்கிறது’ என்று யாரும் பேசுவதில்லை. ஆனால் இதை முழுக்க நம்பக் கூடாது. ‘நம்பிக்கொண்டிருக்கிறேன்’ தமிழில் இயல்பு, ‘ஐ ஆம் பிலீவிங்’ ஆங்கிலத்தில் பிழை. எத்தனை காலமாக என்று சொல்லும்போதும் சறுக்குகிறார்கள்: ‘ஐ ஆம் நோயிங் ஹிம் ஃபார் 10 இயர்ஸ்’ அல்ல, ‘ஐ ஹேவ் நோன் ஹிம் ஃபார் 10 இயர்ஸ்’.

இனி முக்கியமானது. ஒரே வினை இரண்டு பக்கமும் நிற்கும். ‘வி ஆர் ஹேவிங் எ மீட்டிங்’ முற்றிலும் சரி, கூட்டம் நடக்கிறது. ‘வி ஆர் ஹேவிங் த்ரீ பிராஞ்சஸ்’ தவறு. கிளைகள் இருக்கின்றன, அவ்வளவுதான். கோயம்பேட்டில் வியாபாரி வெங்காயத்தை எடை போடும்போது ‘ஹி இஸ் வெயிங்’. அந்த மூட்டை 50 கிலோ என்றால் ‘இட் வெய்ஸ் 50 கிலோஸ்’. ‘ஐ திங்க்’ என்பது கருத்து, ‘ஐ ஆம் திங்கிங்’ என்பது இப்போது யோசிப்பது. ஆகவே ‘இந்தச் சொல் இந்த வகை’ என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்ய வைத்தால், சரியாக எழுதிய ‘ஹேவிங் எ மீட்டிங்’கையும் மாணவர் அடித்துவிடுவார். வகை சொல்லுக்கு அல்ல, அந்த வாக்கியத்தில் அது தரும் பொருளுக்கு.

‘நிலைப்பொருள் வினை, செயற்பொருள் வினை’ எனலாமா?

மறுமொழி:

‘செயற்பொருள்’ செயப்படுபொருளோடு குழம்பும், வேண்டாம். ‘காலம் காட்டும் இடைநிலை’ என்று நம் இலக்கணத்தில் ஏற்கெனவே வழக்கு இருக்கிறது. அந்தத் தடத்தில் ‘நிலை காட்டும் வினை’, ‘செயல் காட்டும் வினை’ என்று வைக்கலாம். ‘இந்த வாக்கியத்தில் ஹேவ் நிலை காட்டுகிறது, அந்த வாக்கியத்தில் செயல் காட்டுகிறது’ என்று வகுப்பில் அப்படியே பேசவும் வரும். நீங்கள் கேட்ட ‘பொருளுக்கே வகை’ என்பதும் இதில் அடங்கிவிடுகிறது.

மறுமொழி:

எனக்கும் இதுவே உகந்தது. சுருக்குகிறோம் என்று ‘நிலைகாட்டு வினை’ ஆக்கிவிடாதீர்கள். வரி மடங்கி ‘காட்டு வினை’ தனியே நின்றால் காட்டுக்குரிய வினை என்றாகிவிடும். ‘காட்டும்’ என்றே பதியலாம். பதிவில் எடுத்துக்காட்டாக ‘ஹேவ்’, ‘வெய்’, ‘திங்க்’ மூன்றையும் இரண்டு பயன்பாட்டிலும் ஒவ்வொரு வாக்கியமாகச் சேர்த்துவிடுங்கள்.