ரேடியேஷனுக்குப் பிறகு கட்டி பெரிதாகத் தெரிகிறது, பெர்ஃப்யூஷன் எதற்கு?

கேள்வி (தங்கை):
அண்ணனுக்கு கிளையோபிளாஸ்டோமா என்ற மூளைப் புற்றுநோய்க் கட்டி. ஆபரேஷன் ஆகி, ரேடியேஷனும் டெமோசோலோமைடு மாத்திரையும் சேர்த்துக் கொடுத்தார்கள். இப்போது எடுத்த எம்ஆர்ஐயில் வெள்ளைத் திட்டு முன்னைவிடப் பெரிதாக இருக்கிறது. ஆனால் ஆள் நன்றாக நடக்கிறார், பேசுகிறார். டாக்டர் பெர்ஃப்யூஷன் எடுக்கச் சொல்கிறார். கான்ட்ராஸ்ட் போட்டு எடுத்தாயிற்றே, அதில் தெரியாதது இதில் என்ன தெரியும்?

பதில் (எம்ஆர்ஐ டெக்னீஷியன்):
தங்கச்சி, அந்த வெள்ளைத் திட்டு கான்ட்ராஸ்ட் மருந்து கசிந்திருக்கும் இடம். கட்டி வளர்ந்தாலும் ரத்தக்குழாய் கசியும், ரேடியேஷனில் புண்பட்டாலும் கசியும். ரேடியேஷன் முடிந்த முதல் 12 வாரத்துக்குள் இந்தக் குழப்பம் அதிகம், கட்டி வளராமலேயே வளர்ந்ததுபோலத் தெரிவதை சூடோபுரோகிரஷன் என்பார்கள். திட்டின் அளவை மட்டும் பார்த்து மனசு உடைஞ்சு போகாதீங்க.

அந்த இடத்தில் ரத்தம் எவ்வளவு ஓடுகிறது என்று பார்ப்பதுதான் பெர்ஃப்யூஷன். காடோலினியம் என்ற கான்ட்ராஸ்ட் மருந்தை நொடிக்கு 4, 5 மி.லி. வேகத்தில் செலுத்தி, பின்னாலேயே சலைன் விட்டு, ஒன்றிரண்டு நொடிக்கு ஒருமுறை மூளை முழுவதையும் படம் பிடிப்போம். மருந்து கடக்கும்போது சிக்னல் சரிந்து மறுபடி ஏறும். சரிவு பெரிதாக இருந்தால் ரத்தமும் அதிகம். அந்த ரத்த அளவை மூளையின் எதிர்ப்பக்கத்து நல்ல வெண்பொருளோடு (நரம்பு இழைகள் உள்ள பகுதி) ஒப்பிட்டு வரும் விகிதம்தான் ஆர்சிபிவி. உயிரோடிருக்கும் கட்டி தனக்கென்று ரத்தக்குழாய்களை வளர்த்துக்கொள்ளும், அதனால் இந்த எண் ஏறும். புண்பட்ட திசுவில் பெரும்பாலும் குறைவாக வரும்.

கையில் கொஞ்சம் பெரிய ஊசி போடுவோம், சிறியது அந்த வேகத்தைத் தாங்காது. மருந்து ஓடும் அந்த நேரத்தில் தலை அசையக் கூடாது. அண்ணனிடம் முன்னாலேயே சொல்லிவையுங்கள்.

தங்கை:
ரொம்ப நன்றி அண்ணா. அவருக்குக் கிட்னி கொஞ்சம் பலவீனம், ஊசி போடலாமா?

பதில் (ரேடியாலஜி டாக்டர்):
கிட்னி எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் இஜிஎஃப்ஆர் ரிப்போர்ட்டை ஸ்கேன் அறையில் முதலில் காட்டுங்கள் அம்மா, அதைப் பார்த்து முடிவு செய்வார்கள். ஊசியே இல்லாத ஏஎஸ்எல் முறையும் உண்டு. கழுத்து வழியாக ஏறும் ரத்தத்தின் நீரை ரேடியோ அலையால் அடையாளமிட்டுப் பின்தொடர்வது. படம் அவ்வளவு தெளிவாக இருக்காது.

ஆர்சிபிவி எண்ணை மட்டும் நம்பிவிடாதீர்கள். ஆபரேஷன் செய்த இடத்தில் பழைய ரத்தமோ உலோகக் கிளிப்போ இருந்தால் ஊசி முறைப் படம் அங்கே கறுத்துப்போகும். மருந்து வெளியே கசிந்தால் ரத்த அளவு குறைவாகக் காட்டும், கட்டியே மறைந்துவிடலாம். கசிவால் வரும் பிழையைக் கணக்கில் சரிசெய்யும் கசிவுத் திருத்தம் செய்தார்களா என்று கட்டாயம் கேளுங்கள், அது இல்லாத எண்ணை நான் ரிப்போர்ட்டில் எழுத மாட்டேன். செத்த திசுவும் வளரும் கட்டியும் ஒரே திட்டில் கலந்திருப்பதும் சாதாரணம். அதனால் சில வாரம் கழித்து இன்னொரு ஸ்கேன் கேட்டால் பயப்படாதீர்கள். முடிந்தவரை அதே மெஷினில் எடுங்கள், பழைய சிடி எல்லாவற்றையும் கொண்டுபோங்கள்.