முகவரி ஒன்று, பதிவேடு பல: எதை நம்புவது?

பதிவறைக்காரர்:
உள்ளாட்சி அலுவலகத்தில் பதிவுப் பிரிவில் பல வருடமாக வேலை செய்கிறேன். வரி, குடிநீர், உதவித்தொகை என்று ஒவ்வொரு பிரிவும் ஒரே ஆளின் முகவரியைத் தனித்தனியாக வைத்திருக்கிறது. வீடு மாறுகிறவர் எல்லா இடத்திலும் போய்ச் சொல்வதில்லை. சொல்லாத இடத்தில் பழைய முகவரி அப்படியே கிடக்கும், கடிதம் யாருக்கோ போகும். ஒரே மூலப் பதிவேடு வைத்து, மற்றவர்கள் அதிலிருந்து எடுத்துக்கொள்வதுதான் சரி என்பேன். டென்மார்க்கில் 1968 முதல் அப்படித்தான். மறுப்பவர்கள் காரணத்தோடு வாருங்கள்.

நிழல்மரம்:
மறுக்கிறேன். என் தந்தையின் இறப்பைப் பதியப் போன இடத்தில், அவரோடு என் பதிவிலும் "இறந்தவர்" என்று குறித்துவிட்டார்கள். நான் உயிரோடு இருப்பதை நிரூபிக்க உதவியது எது தெரியுமா? வேறொரு துறை தனியாக வைத்திருந்த பதிவு. எல்லாமே ஒரே மூலத்தைப் பார்த்து எழுதியிருந்தால் எனக்குச் சாட்சி சொல்ல எந்தக் காகிதமும் மிஞ்சியிருக்காது. பிழையும் ஒரே இரவில் எல்லாத் துறைக்கும் பரவியிருக்கும்.

பதிவறைக்காரர்:
படிக்கவே வேதனையாக இருக்கிறது. ஆனால் பெயரை மட்டும் வைத்து ஆளைத் தேடியிருப்பார்கள். பிறந்த தேதியையும் அடையாள எண்ணையும் ஒப்பிட்டிருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். அது வேலை செய்த முறையின் தவறு. பத்துப் பதிவேடு இருந்தால் அதே தவறு பத்து இடத்தில் நடக்க வாய்ப்பு.

தரவுத்தச்சன்:
எத்தனை பதிவேடு என்பதிலேயே இருவரும் நிற்கிறீர்கள். ஜெர்மனியில் 2011 கணக்கெடுப்பு முடிந்தபோது, அதுவரை சொல்லிவந்த மக்கள்தொகையைவிட சுமார் 15 லட்சம் பேர் குறைவு என்று தெரிந்தது. ஊரைவிட்டுப் போனவர்கள் பலர் சொல்லாமல் போனது முக்கியக் காரணம். வந்து சேர்கிறவருக்குப் பதிவால் பலன் உண்டு, கிளம்புகிறவருக்கு என்ன கிடைக்கிறது? ஒரே பதிவேடு என்றாலும் இந்தப் பிழை தானாகச் சரியாகாது.

நெதர்லாந்தில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. நகராட்சியின் தகவலைப் பயன்படுத்தும் அரசுத்துறைக்கு அதில் நியாயமான சந்தேகம் வந்தால், நகராட்சிக்குத் திருப்பிச் சொல்லியே ஆக வேண்டும். நகராட்சி அந்தப் பதிவில் "விசாரணையில்" என்று குறித்துவிட்டு விசாரிக்கும். அதுவரை பார்க்கிற எவருக்கும், இதை முழுசாக நம்பக்கூடாது என்பது தெரியும்.

நிழல்மரம்:
அந்த ஒரு சொல் என் பதிவில் இருந்திருந்தால் போதுமே! மனு கொடுத்து மாதக்கணக்கில் அலைந்தேன், அதுவரை எல்லோரும் தப்பான பதிவையே நம்பினார்கள். 2018 முதல் நடைமுறையில் இருக்கும் ஐரோப்பியச் சட்டப்படி, தகவல் தவறு என்று ஒருவர் சொன்னால், சரிபார்த்து முடிக்கும்வரை அதைப் பயன்படுத்துவதை நிறுத்திவைக்கக் கேட்கலாம். திருத்தியபின், ஏற்கெனவே யாருக்கெல்லாம் கொடுத்தார்களோ அவர்களுக்கும் தெரிவிக்க வேண்டும். ஊற்றில் சரிசெய்துவிட்டு, குழாய்வழியே போனதை விட்டுவிட்டால் என்ன பயன்?

பதிவறைக்காரர்:
தெரிவிக்க வேண்டும் என்பதை முழுமனதோடு ஏற்கிறேன். நிறுத்திவைப்பதில்தான் தயக்கம். பாக்கி வைத்திருப்பவர் "முகவரி தவறு" என்று எழுதிக்கொடுத்தே நோட்டீஸைத் தள்ளிப்போட முடியும். அதனால் காரணமும் ஆதாரமும் கேட்க வேண்டியிருக்கிறது.

அப்புறம், கவுன்டரில் தினமும் குழம்பும் விஷயம் ஒன்று: மாற்றம் வேறு, திருத்தம் வேறு. வீடு மாறினால் பழைய முகவரி பொய்யாகிவிடாது, அந்தத் தேதிவரை அதுவே உண்மை. அதை அழிக்காமல், எதுவரை செல்லும் என்று குறித்து வைக்க வேண்டும். பிறந்த வருடம் தட்டச்சில் பிசகியிருந்தால் அது ஆரம்பம் முதலே தவறு. இரண்டுக்கும் ஒரே படிவம் வைத்திருக்கிற அலுவலகத்தில், எந்த முடிவு எந்தத் தகவலை நம்பி எடுத்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

நிழல்மரம்:
இது நல்ல பிரிவு, ஒப்புக்கொள்கிறேன். ஒரே பதிவேட்டுக்கு மட்டும் இன்னும் சம்மதமில்லை. எஸ்டோனியாவில் தன் தகவலை எந்த அலுவலகம் பார்த்தது என்பதை மக்கள் இணையத்திலேயே பார்க்கலாம். உங்கள் அலுவலகத்தில் என் பதிவு யார் யாருக்குப் போனது என்று கேட்டால் காட்டுவீர்களா?

பதிவறைக்காரர்:
இன்றைக்கு முடியாது. எந்தத் துறைக்கு எந்தத் தேதியில் அனுப்பினோம் என்ற குறிப்பே முழுமையாக இல்லை. மூலப் பதிவேட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அந்தக் குறிப்பை எழுதத் தொடங்க வேண்டும். திங்கட்கிழமை எங்கள் பிரிவில் இதைக் கேட்கப் போகிறேன்.