மறுமொழி: பயோமார்க்கர் – ‘உயிர்க்குறி’ போதாதா?

வணக்கம் ஐயா. உடலின் நிலையை அளந்து காட்டும் அடையாளமான பயோமார்க்கருக்கு நான் ‘குறிபொருள்’ என்று புதுச்சொல் வைத்ததற்கு நீங்கள் கேட்ட கேள்விகளுக்குப் பதில் இது.

> உயிர்க்குறி ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே, புதுச்சொல் எதற்கு?

புழக்கம்தான் சிக்கல். உடல்வெப்பம், நாடித்துடிப்பு, மூச்சு, இரத்த அழுத்தம் இவற்றை உயிர்க்குறிகள் என்று எழுதிவருகிறோம். லேபிலிருந்து வரும் சி.ஆர்.பி. (அழற்சியில் கூடும் இரத்தப் புரதம்) அளவுக்கும் அதே பெயரென்றால் படிக்கிறவர் குழம்புவார். இன்னொரு சொல்லான ‘உயிர்ச்சுட்டி’யோ, எனக்குக் கணினி எலியைத்தான் நினைவூட்டுகிறது.

நான் எழுதுவது குடல் தொற்றுக் கையேடு. வயிற்றுப்போக்கு பலருக்கு வைரஸால் வருவது, ஆன்டிபயாடிக்கால் பயனில்லை. இரத்தபேதி என்றாலும் கண்ணைமூடிக் கொடுக்க முடியாது. ஷிகெல்லா என்ற பாக்டீரியாவுக்கு மருந்து கேட்கும், ஓ157 வகை ஈ.கோலை பாக்டீரியாவானால் அதே மருந்து சிறுநீரகச் சிக்கலைக் கூட்டக்கூடும். மலத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் முடிவு வர இரண்டு மூன்று நாளாகும். அதற்குள் துப்புக் கேட்டுத்தான் இரத்தத்திடம் போகிறார்கள். சி.ஆர்.பி. எந்த அழற்சிக்கும் ஏறும். புரோகால்சிடோனின் என்ற இன்னொரு இரத்தப் புரதம் பாக்டீரியா என்றால் நன்றாக ஏறும், வைரஸுக்கு அவ்வளவாக ஏறாது. பெரிய அறுவைக்குப் பின்னும் ஏறித் தொலைக்கும். ஏறியிருந்தாலும் அது ஷிகெல்லாவா ஓ157-ஆ என்று சொல்லாது, இரண்டும் பாக்டீரியாதானே!

புரோகால்சிடோனின் கைகொடுப்பது மருந்தைத் தொடங்குவதைவிட நிறுத்துவதில்தான். தீவிர சிகிச்சைப் பிரிவில், செப்சிஸ் (தொற்றால் உறுப்புகள் பழுதாகும் நிலை) நோயாளிக்குப் புரோகால்சிடோனின் உச்சத்திலிருந்து 80 சதவீதம் இறங்கினால் ஆன்டிபயாடிக்கை நிறுத்துவதுபற்றி யோசிக்கிறார்கள். நேற்றைய அளவு, இன்றைய அளவு, நாளைய அளவு மூன்றும் சேர்ந்தால்தான் சேதி. அதனால் வினைத்தொகையாக ஒரு சொல்: குறிபொருள். குறித்த, குறிக்கின்ற, குறிக்கும் பொருள். குடிநீர், கடிநாய் போல. நடுவே ‘ப்’ போட்டுவிடாதீர்கள், மூன்று காலமும் போய்விடும்.

> ஸ்கேன் படத்தையும் பயோமார்க்கர் என்கிறார்களே. அதில் பொருள் எங்கே?

ஒப்புக்கொள்கிறேன். பொதுச்சொல்லாக இது நிற்காது. இரத்தத்தில் அளக்கிற பொருளுக்கு மட்டும் ‘இரத்தக் குறிபொருள்’ என்று வைத்துக்கொள்கிறேன். அதைப் பார்த்து மருந்தைக் கூட்டிக் குறைப்பது ‘குறிபொருள்வழிச் சிகிச்சை’. பொதுச்சொல்லை உங்களிடமே விடுகிறேன், ‘உயிர்க்குறி’ தவிர எதுவானாலும் சரி.

இன்னொன்று. ‘குருதி’ என்று திருத்தச் சொன்னீர்கள். கையேடு நோயாளி கைக்குப் போகிறது ஐயா, அவர் கையில் இருக்கிற லேப் சீட்டில் ‘இரத்தம்’ என்றுதான் இருக்கும்.