காய்ச்சலுக்குப் பின் அடங்காத வலிப்பு: டாக்டரிடம் என்ன கேட்பது?

கேள்வி (பொங்கோல்வாசி):
அக்கா மகளுக்கு வயது 19. இதற்குமுன் வலிப்பே வந்ததில்லை. நாலு நாள் காய்ச்சல், பிறகு வலிப்பு. ஊசிமேல் ஊசி போட்டும் அடங்காமல் ஐசியூவில் மயக்கத்தில் வைத்திருக்கிறார்கள். முதுகுத்தண்டு நீரில் கிருமி இல்லை, ஸ்கேனும் சரி. ‘நோர்ஸ்’ என்கிறார் டாக்டர். காரணம் தெரியாமல் எப்படி வைத்தியம் பார்ப்பார்கள்?

பதில் (ஐசியூ தாதி):
தம்பி, நோர்ஸ் என்பது ஒரு நோயல்ல, ஒரு நிலை. முன்பு வலிப்பு இல்லாதவருக்கு, உடனே புலப்படும் காரணம் இல்லாமல் வரும் அடங்காத தொடர்வலிப்பு. ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கடைசிவரை காரணம் பிடிபடாது. மூளையில் அழற்சி மூண்டிருப்பதாகக் கருதியே வைத்தியம் நடக்கும்.

முதல் ஊசியான லோராஸிபாம், மூளையை அமைதிப்படுத்தும் காபா ஏற்பிகளில் வேலை செய்வது. வலிப்பு நீள நீள அவை நரம்பணுவின் மேற்பரப்பை விட்டு உள்ளே போய்விடும், ஊசியும் சரியாகக் கேட்காது. தூண்டிவிடும் என்எம்டிஏ ஏற்பிகள் மேலே கூடும். 5 நிமிடம் தாண்டினாலே ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழைக்கச் சொல்வது இதனால்தான். பிந்திய கட்டத்தில் கெட்டமின் என்ற மயக்க மருந்து கொடுப்பதும் அந்த என்எம்டிஏவை அடைக்கத்தான்.

உடல் அசையவில்லை என்பதால் வலிப்பு நின்றுவிட்டதாக நினைக்காதீர்கள். தொடர் ஈஈஜி (மூளை மின்னலைப் பதிவு) ஓடுகிறதா என்று முதலில் கேளுங்கள்.

பதில் (நரம்பியல் மருந்தாளர்):
2022 பன்னாட்டுப் பரிந்துரைப்படி 72 மணி நேரத்துக்குள் ஸ்டீராய்டோ, தானம் செய்தவர்களின் இரத்தத்திலிருந்து எடுக்கும் எதிர்ப்பொருளான இம்யுனோகுளோபுலினோ தொடங்க வேண்டும். வழக்கமாக மெத்தில்பிரெட்னிசலோன் நாளுக்கு 1 கிராம், 3 முதல் 5 நாள். அதற்கும் வலிப்பு அடங்காவிட்டால் 7 நாளுக்குள் அனகின்ரா அல்லது டோசிலிசுமாப் என்ற அழற்சி அடக்கும் மருந்து. உடலே தன் மூளையைத் தாக்கும் எதிர்ப்பொருள் உள்ளதா என்ற சோதனைக்கான இரத்தத்தை இம்யுனோகுளோபுலின் ஏற்றுமுன் எடுத்தார்களா? ஏற்றிய பின் எடுத்தால் தானம் செய்தவர்களின் எதிர்ப்பொருள் கலந்து முடிவைக் குழப்பும். இளம்பெண் என்பதால் சூலகக் கட்டிக்கும் ஸ்கேன் கேளுங்கள். என்எம்டிஏ எதிர்ப்பொருள் மூளையழற்சிக்கு அது ஒரு காரணம். பின்னால் கார்பமாஸெபின் என்ற வலிப்பு மாத்திரை தருவதென்றால் எச்எல்ஏ-பி 1502 மரபணுச் சோதனை முடியட்டும். அந்த மரபணு வகை உள்ள ஆசியர்களுக்குத் தோல் உரியும் கடும் ஒவ்வாமை வரலாம்.

பதில் (உணவியல்):
வலிப்பை அடக்க உதவும் கொழுப்பு மிகுந்த கீட்டோ உணவைத் தொடங்குவதும் அதே 7 நாள் கணக்கில்தான். கொழுப்பு 4 பங்கு, புரதமும் மாவுச்சத்தும் சேர்ந்து 1 பங்கு, மூக்குக் குழாய் வழியாக. கெடுப்பது பெரும்பாலும் மறைந்திருக்கும் சர்க்கரை: டெக்ஸ்ட்ரோஸ் டிரிப், இனிப்பு சிரப் மருந்து. எல்லாவற்றையும் மருந்தாளரிடம் சரிபார்க்கச் சொல்லுங்கள். ப்ரோபோஃபால் என்ற மயக்க மருந்து ஓடும்போது இந்த உணவைத் தொடங்கக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் கொழுப்பை எரிக்கும் வழி தடைபட்டு உயிருக்கே ஆபத்தாகலாம்.