திருவொற்றியூரில் எத்தனை எழுத்து?

தேரடி:
பள்ளிப் பிள்ளையைக் கேட்டால் விரல் விட்டு 7 என்று சொல்லிவிடும். நிரல்மொழிகளிடம் நீளம் கேட்டால் பைத்தானின் லென், ஜாவாஸ்கிரிப்ட்டின் லெங்த் இரண்டும் 14 என்கின்றன. கோ மொழியின் லென் 42. மூன்றும் சரிதான். ‘தி’ என்றால் தகரம் ஒன்று, இகரக் குறி ஒன்று, ஆக 2 கோட் பாயிண்ட், அதாவது யூனிகோடில் தனி எண் பெற்ற குறிகள். ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் 3 பைட், அதனால் 14 × 3 = 42. பிஹெச்பியில் ஸ்ட்ர்லென் 42 தரும், எம்பி_ஸ்ட்ர்லென் 14, கிராஃபீம்_ஸ்ட்ர்லென் 7.

காசிமேடு:
அதே பெயர் 15 என்றும் வரும், தல. ‘வொ’வில் இருக்கும் ஒகரக் குறி ஒரே கோட் பாயிண்டாகவும் இருக்கலாம், கொம்பும் துணைக்காலுமாகப் பிரிந்து இரண்டாகவும் இருக்கலாம். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, தேடினால் ‘இல்லை’ என்று வரும். சேமிக்கும்போதும் ஒப்பிடும்போதும், பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றுங்கள். ஆனால் ‘கௌ’வுக்குப் பதில் கொம்பு, ககரம், ளகரம் என்று தட்டிய ‘கெள’வை என்எஃப்சி தொடாது. அது எழுத்துப்பிழைக் கணக்கு.

வியாசர்பாடி:
இதைவிடத் திருட்டுத்தனமான ஒன்று உண்டு. ‘ர்’ போடவேண்டிய இடத்தில் துணைக்கால்மேல் புள்ளி வைத்து ‘வியாசா்பாடி’ என்று அடித்த கோப்புகள் ஏராளம். கோட் பாயிண்ட் இரண்டிலும் 11தான், அதனால் லென் காட்டிக்கொடுக்காது. எழுத்து மட்டும் 6 இருக்கவேண்டியது 5 ஆகிவிடும். தமிழில் துணைக்கால்மேல் புள்ளி வரவே வராது என்பதால் தேடி ‘ர்’ ஆக மாற்றலாம். இதை என்எஃப்சிக்கு முன்னால் செய்யவேண்டும். பின்னால் செய்தால், அப்படித் தவறாக அடித்த ‘சேர்ந்த’வில் இரட்டைக்கொம்பும் காலும் ஒட்டிக்கொண்டு ‘சோ்ந்த’ ஆகியிருக்கும், தேடல் அதைத் தவறவிடும். ஏற்கெனவே ஒட்டியதற்கு ஒகர, ஓகாரக் குறிகளின்மேல் புள்ளி இருக்கிறதா என்று தனியாகத் தேடுங்கள்.

வண்ணாரப்பேட்டை:
எழுத்தை எண்ண பைத்தானில் ரெஜெக்ஸ் என்ற தனி மாட்யூலின் பின்சாய்கோடு எக்ஸ், ஜாவாஸ்கிரிப்ட்டில் இன்டல் செக்மென்டர். பைத்தானோடு கூடவே வரும் ரீ மாட்யூலில் சொல்லைப் பிடிக்கும் பின்சாய்கோடு டபிள்யூ வேண்டவே வேண்டாம், குறி வரும் இடமெல்லாம் சொல்லை வெட்டும். ‘ஸ்ரீ’யும் ‘க்ஷ’வும் இரண்டிரண்டாகத்தான் எண்ணப்படும். ஒன்றாக வேண்டுமென்றால் நீங்களே விதி எழுதவேண்டும்.

ராயபுரம்:
எஸ்எம்எஸ் அனுப்பும் நிரலில் எழுத்துக் கணக்கு உதவாது, ப்ரோ. அங்கே யூடிஎஃப்-16 அலகுதான், தமிழில் கோட் பாயிண்டுக்கு ஒன்று. தமிழ் கலந்தால் ஒரு செய்திக்கு 160 இல்லை, 70. அதைத் தாண்டிப் பல துண்டானால் துண்டுக்கு 67. ஆங்கிலச் செய்திக்குள் ஒரே ஒரு ‘ஐயா’ வந்தாலும் இதே கதி. திருவொற்றியூர் என்ற பெயர் மட்டும் 14 தின்றுவிடும், சாதாரண மீன் இமோஜிக்கு 2. நீளம் மீறுகிறதே என்று 13இல் வெட்டினால் ‘திருவொற்றியூர’ என்று புள்ளி போய்விடும். வெட்டுவதை மட்டும் வண்ணாரப்பேட்டை சொன்ன எழுத்து எல்லையில் வெட்டுங்கள்.