9 மி.மீ மாதிரி ரயில் பாதையில் கையால் கட்டும் பாயிண்ட்டும் கிராஸ்ஓவரும்: உங்கள் அனுபவம் என்ன?

அரம்பிடி:
பாயிண்ட்டில் (பாதை இரண்டாகப் பிரியும் இடம்) வண்டி தடம் புரண்டால் பலரும் பிளேடை (நகரும் கூர்நுனித் தண்டவாளம்) நோண்டுவார்கள். கோளாறு பெரும்பாலும் ஃப்ராக்கில்தான், அதாவது இரு தண்டவாளங்கள் குறுக்கிடும் V வடிவப் பகுதியில். 1:6 ஃப்ராக் (6 மி.மீ நீளத்துக்கு 1 மி.மீ விலகல்) என்றால் கோணம் சுமார் 9.5 டிகிரி. கோட் 55 (0.055 அங்குல உயரம்) தண்டவாளத் துண்டு இரண்டின் நுனியையும் அதில் பாதிக் கோணத்துக்கு அராவி, மரக்கட்டையில் அதே கோணத்தில் அறுத்த பள்ளங்களில் பொருத்தி ஒட்டுங்கள். இந்த ஒட்டுக்கு 220 டிகிரியை ஒட்டி உருகும் ஈயமற்ற சால்டர் (பற்றவைக்கும் உலோகம்). பிறகு தாமிரத் தகடு ஒட்டிய ஸ்லீப்பரில் (குறுக்குக் கட்டை) பதிக்க, இன்னும் குறைந்த சூட்டில் உருகும் 60/40 தகரம்-ஈய சால்டர். ஒரே சால்டரை இரண்டுக்கும் வைத்தால், ஸ்லீப்பரைச் சூடாக்கும்போதே மூக்கு (ஃப்ராக்கின் கூர்நுனி) பிரிந்துவிடும். மூக்கைக் கத்திமுனையாக விடாமல், நுனியை இம்மியளவு தாழ்த்தி மழுக்குங்கள்.

ஒன்பது மி.மீ:
செக் ரெயில் (ஃப்ராக்குக்கு எதிரே சக்கரத்தை உள்ளிருந்து பிடித்து நடத்தும் துண்டு) பற்றி ஒன்று. ஃபிளாஞ்ச் (சக்கரத்தின் துருத்திய விளிம்பு) ஓடும் இடைவெளி 0.8 மி.மீ என்று வைத்தால், செக் ரெயிலின் உரசும் முகத்திலிருந்து எதிர்ப்பக்க ஃப்ராக் மூக்கு வரை 8.2 மி.மீ. காக்க வேண்டியது இந்த அளவைத்தான். இது குறைந்தால் சக்கரம் மூக்கில் முட்டும். கூடினால் செக் ரெயில் மேல் ஏறும். விங் ரெயில் (மூக்கின் இருபுறமும் வளைந்து நிற்கும் தண்டவாளம்) பக்கம் இடைவெளி அகன்றால் சக்கரம் 'டக்' என்று பள்ளத்தில் இறங்கும், தடம் புரளாது. சத்தத்தைக் கேட்டே எந்தப் பக்கம் தவறு என்று சொல்லிவிடலாம். சக்கரங்களின் உட்பக்க இடைவெளியையும் அளந்து பாருங்கள்; பழைய பெட்டிகளில் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது.

ஈயப்பொட்டு:
பிளேடு நுனி ஸ்டாக் ரெயிலோடு (பிளேடு சாயும் வெளித் தண்டவாளம்) படிய, ஸ்டாக் ரெயிலின் அடிப்பட்டையை உட்பக்கம் அராவ வேண்டும். தலையைத் தொடாதீர்கள், கேஜ் (தண்டவாளங்களின் இடைவெளி) அகன்றுவிடும். திறந்த பிளேடுக்கு 1.2 முதல் 1.5 மி.மீ நகர்வு போதும். டை-பாரின் (இரு பிளேடுகளையும் சேர்த்து நகர்த்தும் பட்டை) தாமிரத்தை நடுவில் கீறி, இரு பிளேடுகளையும் மின்சாரத்தில் பிரித்து, ஒவ்வொன்றையும் தன் பக்கத்து ஸ்டாக் ரெயிலுடன் கம்பியால் இணையுங்கள். ஃப்ராக்கின் இரு முனையையும் தனியே அறுத்து, பாயிண்ட்டோடு சேர்ந்து நகரும் சுவிட்ச் வழியே மின்சாரம் கொடுங்கள். அப்போது சக்கரத்தின் முதுகு திறந்த பிளேடில் பட்டாலும் ஷார்ட் ஆகாது. எல்லா ஸ்லீப்பரிலும் தாமிரத்தைப் பிரிக்கும் கீறல் முழுதாக விழுந்ததா என்று தரையில் ஒட்டும் முன்பே மல்டிமீட்டரில் பாருங்கள். ஃப்ளக்ஸை (சால்டர் பிடிக்கப் பூசும் பசை) கழுவாமல் விட்டால் பச்சை பூக்கும் (அதன் மேல் பெயிண்ட் வேறு அடித்துவிடுவார்கள்).

அரம்பிடி:
கிராஸ்ஓவருக்கு (பக்கத்துப் பாதைக்கு மாற இரண்டு பாயிண்ட்டை இணைப்பது) வருவோம். இரு பாதைகளின் மையங்களுக்கு இடையே 27 மி.மீ, ஃப்ராக் 1:6 என்றால், பாதை நெடுக இரண்டு மூக்குகளுக்கும் இடையே சுமார் 53 மி.மீ வரும். மையத் தூரத்தில் 1 மி.மீ பிசகினால் இதில் 6 மி.மீ பிசகும். ஆகவே காகிதத்தில் முழு வரைபடம் போட்டு, இரண்டு பாயிண்ட்டையும் சேர்த்தே கட்டுவது நல்லது. தனித்தனியாகக் கட்டி இணைத்தால் நடுவில் முறிவு தெரியும்.

ஒன்பது மி.மீ:
கிராஸ்ஓவரின் நடுவிலுள்ள இரண்டு தண்டவாளத்தையுமே வெட்டிப் பிரிக்க வேண்டும், ஒன்று போதாது. ஒவ்வொன்றும் ஒரு பக்க ஃப்ராக்கையும் மறுபக்க ஸ்டாக் ரெயிலையும் இணைக்கிறது. இரு பாயிண்ட்டும் நேராக இருக்கும்போது அவை மின்சாரத்தில் எதிரெதிர் முனைகள். வெட்டிய இடுக்கில் பிளாஸ்டிக் துண்டு செருகி எபாக்ஸி வையுங்கள், வெயிலில் தண்டவாளம் நீண்டு மூடிக்கொள்ளாது. பாயிண்ட்டை நகர்த்தும் இரண்டு மோட்டாரும் ஒரே பொத்தானில் நகரட்டும்.